தேர் வடமும் இதயத் தசையும்

கொஞ்சம் நீளமான பதிவு. சொந்தக்காரர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

போன மாசியில் ராஜபாளையத்தில் என் அண்ணன் மகன் தவறியது பலருக்குத் தெரியும். வயது 47. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றியவன் அப்படியே சாய்ந்தான். சுகர் கிடையாது, சிகரெட் கிடையாது, ரத்தக்குழாயில் அடைப்பும் கிடையாது. இதயத் தசை தடித்திருக்கிறது, ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று சொல்லி மூன்று வருடமாக மாத்திரை கொடுத்து வந்தார்கள். "அது என்ன நோய், எங்கிருந்து வந்துச்சு?" என்று மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். மதுரையில் டாக்டராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவன் மனைவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

நம் செல்களுக்குள் மோட்டார் புரதங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கைனசின் என்பது சுமைதூக்கி. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்புக்குள்ளும் சரக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஒரு எட்டு 8 நானோமீட்டர்தான். திரும்பி வரும் சரக்கு டைனீன் பொறுப்பு. தசையில் இருப்பது மயோசின். அதன் வேலை இழுப்பது.

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் இழுத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆக்டின் என்ற இழைதான் வடம். மயோசின் தலைகள்தான் கைகள். பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். நாளுக்கு ஏறக்குறைய 1 லட்சம் துடிப்பு, அத்தனைக்கும் இதே வேலை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஏ.டி.பி. என்ற சக்தித் துகள் ஒன்று செலவு. பிடித்த வடத்தை விடுவதற்கும் அந்த ஏ.டி.பி. வேண்டும் என்பதுதான் எனக்குப் புதிது. அது தீர்ந்துபோனால் கை வடத்தை விடாது. இறந்தவர் உடம்பு விறைப்பது இதனால்தானாம். அன்று அவன் விரல்களை நிமிர்த்த முடியாமல் தவித்தோமே, படித்தபோது அதுதான் கண்முன் வந்தது.

தேருக்கு இழுக்கிறவர்கள் மட்டும் போதாது, முட்டுக்கட்டை போடுகிறவரும் வேண்டும். இதயத்திலும் மயோசின் தலைகளில் ஒரு பகுதி எப்போதும் மடங்கி ஓய்வில் இருக்கும். மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி என்ற இன்னொரு புரதம் அங்கே கட்டை போடுகிற ஆள் மாதிரி. அதன் மரபணுவில் குறை வந்தால் ஓய்வில் இருக்க வேண்டியவையும் சேர்ந்து இழுக்கும். தசை தடிக்கும், தளர மறுக்கும். சிலருக்குத் துடிப்பின் தாளம் திடீரென்று தவறிவிடும்.

2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் முதலியோர் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அந்த மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன குறை, இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் 100-க்குச் சுமார் 4 பேருக்கு இருக்கிறது. அவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு என்று கணக்கிட்டார்கள். 50 பிள்ளைகள் இருந்த என் வகுப்பில் 2 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம், குறை இருந்தும் கடைசிவரை நோயே வராதவர்கள் நிறையப் பேர். அவனுக்கு இருந்தது இந்தக் குறைதானா என்று இனிச் சோதிக்க வழியில்லை. ஆனாலும் இந்த நோய் குடும்ப வழியாக வருவது சகஜம்.

மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. மயோசினையே குறிவைத்த மாவகாம்டென் என்ற மாத்திரைக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கூடுதல் தலைகளை ஓய்வுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. ஆனால் தடித்த தசை ரத்தத்தின் வழியை மறிக்கிற வகைக்குத்தான் அந்த அனுமதி. அளவு மீறினால் இதயமே தளர்ந்துபோகும் என்பதால் அடிக்கடி எக்கோ பார்த்துத்தான் கொடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் பேரைப் பார்த்துவிட்டு மெடிக்கலில் போய்க் கேட்காதீர்கள். விலை குறைந்த பழைய பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இன்றைக்கும் முதல் வரிசையில்தான் இருக்கின்றன.

இப்போது நம் வீட்டு விஷயம். அவன் மகளுக்கும் அவன் அக்கா மகனுக்கும் தையில் கல்யாணம் என்று பேச்சு நடக்கிறது. இரண்டு பேரும் தங்கமான பிள்ளைகள். ஆனால் இது அவனுக்குப் பரம்பரையாக வந்த குறை என்றால், மகளுக்கும் இருக்கலாம், அக்கா வழியாக மருமகனுக்கும் வந்திருக்கலாம். இருவருக்கும் இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் குறை சேர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிச் சேர்ந்தால் நோய் சின்ன வயதிலேயே கடுமையாக வரலாம். "சொந்தம் விட்டுப்போகக் கூடாது" என்று அண்ணன் கோபப்படட்டும், பரவாயில்லை. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டு மாற்றும் முன் இரண்டு பேருக்கும் மரபணுச் சோதனையும் எக்கோவும் எடுக்கச் சொல்கிறேன். அவன் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் இ.சி.ஜி., எக்கோ எடுக்க வேண்டும். இன்று சரியாக இருந்தாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும்.

மதினி நேற்று ராத்திரி சரி என்று சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை மதுரைக்கு வேன் பேசியிருக்கிறேன். காலை 6 மணிக்கு ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர்களை ஏற்றிக்கொள்ளும். இதுவரை 9 பேர். இன்னும் மூன்று இடம் காலி இருக்கிறது, வருகிறவர்கள் வியாழனுக்குள் எனக்குப் போன் பண்ணுங்கள்.