வெள்ளாமைக் கடன்

மாசி பிறந்தால் எங்கள் வீட்டில் சாக்கு உதறும் சத்தம் தொடங்கிவிடும். போன வருசத்துச் சாக்குகளை முற்றத்தில் பரப்பி, அம்மா கோணி ஊசியால் ஓட்டைகளைத் தைப்பார். திண்ணையில் அப்பா வாவியின் மறுகரைக்குக் கொண்டுபோகிற சாமான்களை அடுக்குவார்: உப்பு, கருவாடு, தேங்காய், யாழ்ப்பாணத்துப் புகையிலை, மண்ணெண்ணெய்த் தகரம். நாங்கள் இருந்தது ஆரையம்பதியில். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். தென்னைக்கும் மீனுக்கும் குறைவில்லை, வயலுக்குத்தான் இடமில்லை. வாவிக்கு மேற்கே, பொழுது படும் பக்கம், படுவான்கரை. அங்கே வெள்ளாமைதான் வாழ்வு. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் அந்த வாவியில் ஒரு கரைக்கு இல்லாதது மறுகரையில் இருந்தது. எங்கள் அப்பாவைப் போன்றவர்கள் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள்.

மண்முனைத் துறையில் ஏறுவோம். வாவி ஆழமில்லை, தோணிக்காரர் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டே போவார். உப்புச் சாக்கின் மேல் உட்கார எனக்கு இடம் கிடைக்கும். எதிரே வரும் தோணிகளில் எருமைத் தயிர்ச் சட்டிகள், பன் பாய்க் கட்டுகள், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற கிழவி. தோணிக்குத் தோணி கேள்வி பறக்கும். எந்தக் களத்தில் அறுத்த கதிரைச் சூடு வைத்திருக்கிறார்கள், எந்த வயல்காரப் போடியார் வீட்டில் கலியாணம், எங்கே மாடு காணாமற்போனது என்று அக்கரைச் செய்தி முழுவதும் நடு வாவியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்பாவுக்கு அது வெறும் ஊர்க்கதை அல்ல. எந்தக் களத்துக்கு முதலில் போவது என்பதை அவர் அங்கே வைத்துத்தான் தீர்மானிப்பார்.

களம் எனக்குப் பிடித்த இடம். இரவில் எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதிப்பார்கள். விடிய விடியப் பாட்டும் அதட்டலும் கேட்கும். காலையில் தூற்றிக் குவித்த பொலியின் முன்னால் யாரும் செருப்போடு நிற்கக் கூடாது, உரத்துப் பேசவும் கூடாது. மரைக்காலால் அளப்பவர் ஒன்று என்று எண்ண மாட்டார். 'லாபம்' என்றுதான் தொடங்குவார். கோயிலுக்கு எடுத்து வைப்பார்கள், வேலை செய்தவர்களுக்கு அளப்பார்கள், வண்ணாருக்கும் நாவிதருக்கும் கொல்லருக்கும் உரியது போகும். பிறகு கடன்காரர் முறை. மாரி முழுக்க அப்பாவிடம் வாங்கிய உப்பும் எண்ணெயும் அங்கே நெல்லாகித் திரும்பும். அப்பா கணக்குக் கொப்பியைக் கையில் வைத்திருப்பார். அதைத் திறக்கும்படி ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளத்தில் வெள்ளாமை அழிந்த வருசங்களில் அவர் வெறுஞ்சாக்கோடு திரும்பியிருக்கிறார். அந்த வீடுகளுக்கு அடுத்த மாரியிலும் உப்புப் போனது. கொடுக்காமல் விட்டிருந்தால் பழைய கடனும் வந்திருக்காது என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அப்பா அந்தக் கணக்கைப் போட்டவரில்லை. பிள்ளைகள் உள்ள வீடு உப்பில்லாமல் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்பார்.

தோணியில் பாதி இடம் காத்தான்குடி முஸ்லிம் துணி வியாபாரி ஒருவருடையது. காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எங்கள் ஊரும் அவர் ஊரும் ஒட்டிக் கிடப்பவை. தறியில் நெய்த சாறன், சேலை, சிறுவர் சட்டைத்துணி எல்லாவற்றையும் ஒரே பொட்டணமாகக் கட்டித் தலையில் வைத்து விடியுமுன் வந்துவிடுவார். "மனே, அப்பா எழும்பிட்டாரா?" என்று படலையில் நின்று கேட்கும் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. நோன்பு மாதத்தில் அவர் முன்னால் அப்பா வெற்றிலை போட மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்த நாள்முதல் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை, மீன் வாடை எங்கள் வளவுக்கு வராமல் காக்கா பார்த்துக்கொள்வார். இப்படி நடக்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

வெள்ளைக்கார அரசாங்கம் பட்டணத்துக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியில் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த அரசாங்கம் விதானையாரும் அவருக்கு மேலே வன்னியனாரும்தான். 1942இல் அரசாங்கம் வீட்டுக்குள்ளேயே வந்தது. சித்திரை வருசப் பிறப்புக்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் 9ஆம் திகதி, கடற்பக்கமிருந்து குமுறல் கேட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை யப்பான் விமானங்கள் மூழ்கடித்ததை ஊர் பிறகுதான் அறிந்தது. அதற்கு முந்தின மாதமே ரங்கூன் விழுந்து, பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. இலங்கை முழுவதும் பெரும்பாலும் அந்த அரிசியைத்தான் நம்பியிருந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது, சங்கக்கடை வந்தது. நெல்லை அரசாங்கமே கொள்முதல் செய்யத் தொடங்கியதும் படுவான்கரைக் களங்களில் புதிய முகங்கள் வந்து நின்றன.

சில்லறையும் தட்டுப்பாடானது. மூலை மழுங்கிய சதுர ஐந்து சதக் காசுக்குப் பக்கத்தில் ஐந்து சதத் தாள் ஒன்று வந்தது. நடுவே துளை போட்டிருக்கும். அதில் கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம். கிழிக்கும் வேலையை எனக்குத்தான் தர வேண்டும் என்று அடம்பிடிப்பேன். படுவான்கரைப் பெண்கள் அந்தத் தாளை வாங்க மறுத்தார்கள். தண்ணீர் பட்டால் போய்விடும் காசு எதற்கு, நெல்லாகவே எழுதுங்கள் என்றார்கள். அந்த வருசங்களில் அப்பாவின் கொப்பி இரட்டிப்பாகத் தடித்தது.

2014இல் மண்முனையில் பாலம் திறந்தார்கள். அதை வேண்டாமென்று சொல்ல என்னால் முடியாது. பிரசவ வலியோடு தோணிக்காகக் காத்துக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இரு கரை உறவு அறுந்தது பாலத்தால் அல்ல. அதற்கு வெகு முன்பே, 1990இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதே காலத்தில் தமிழ் ஊர்களிலும் ஆட்கள் வெட்டப்பட்டார்கள். பல வருசம் காக்காமார் படுவான்கரைக் களங்களுக்குப் போகவே இல்லை. துணிப் பொட்டணத்தோடு ஒரு மனிதன் தனியாக அந்த வயல்வெளியில் நடந்து, எந்தப் படலையையும் தட்டலாம் என்றிருந்த காலத்தைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் காக்கா அந்த நாட்களைப் பார்க்கவில்லை. நாடு சுதந்திரம் அடைந்து சில வருசத்தில் மவுத்தானார். மய்யித்துக்குப் போய்வந்த அப்பா, நாற்பது கத்தம் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, கொப்பியோடு காத்தான்குடிக்குப் போனார். நானும் கூடப் போனேன். மூத்த மகனோடு திண்ணையில் இருந்து, தோணிக்கூலியும் சாக்குக்காசும் துணிக்காசும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். முடிவில் அப்பாதான் கொடுக்க வேண்டியிருந்தது. மகன் வேண்டாமென்றார். அப்பா மடியை அவிழ்த்து எண்ணி வைத்துவிட்டு, மாசியில் தோணிக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார்.