கேமராவுக்குத் தனி வழி வேணும்

ஆபீஸ் வைஃபைல கேமரா சேரவே மாட்டேங்குதுன்னு குடோன் அண்ணன் கூப்பிட்டாரு.

போய்ப் பார்த்தா, அந்த வைஃபை ஆளுக்கொரு யூசர்நேம், பாஸ்வேர்டு கேக்குது.
கேமரா ஆப்ல பாஸ்வேர்டுக்கு மட்டும்தான் கட்டம் இருக்கு.
யூசர்நேமை எங்க போடுறது?

வைஃபையை இப்படி வச்ச ஐடி தம்பி மேல அண்ணனுக்குச் செம கோபம்.
எனக்கென்னவோ தம்பி பக்கம்தான் நியாயம்னு பட்டுச்சு.

ஏன்னா, 2016ல மிராய்னு ஒரு மால்வேர் வந்துச்சு.
கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாத்தாம விட்ட கேமரா, ரவுட்டரையெல்லாம் பிடிச்சு, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரைக்கும் தடுமாற வச்சுது. பயமா இல்லையா?

அதனால கேமராவுக்குன்னு 2.4 கிகாஹெர்ட்ஸ்ல தனி நெட்வொர்க் கேளுங்கண்ணே. பில்லிங் கம்ப்யூட்டர் பக்கம் அது எட்டிப் பார்க்கவே முடியாதபடி.
மொபைல் ஹாட்ஸ்பாட்ல மட்டும் ஓட்டிடாதீங்க.

உங்க கடை கேமராவுக்குப் பாஸ்வேர்டு மாத்தியாச்சா?