கிள்ளிக் கொடுத்த கிளை



கனடாவின் டொரான்டோ நகரில் வாழும் என் தங்கை சென்ற செப்டம்பரில் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, அம்மா வளர்த்ததைப் போன்ற கோலியஸ் செடி ஒன்று இங்கே வாங்கி வைத்திருந்தேன். போன வருஷம் ஒரே இரவுப் பனியில் கருகிப் போயிற்று. இந்த வருஷம் வாங்கியதையாவது காப்பாற்ற வழியுண்டா?" என்றாள். குரல் தழுதழுத்தது.

கோலியஸை நீங்கள் அறிவீர்கள். சிவப்பும் பச்சையும் கலந்த இலைகளையுடைய தொட்டிச் செடி. குரோட்டன்ஸ் என்றே பலரும் அதனை அழைத்துவிடுகின்றனர். உண்மையில் அது துளசி, புதினா, கற்பூரவல்லி ஆகியவற்றின் குடும்பம். வெப்ப நாட்டுச் செடியாதலால் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் வாடும். உறைபனி பட்டால் மடியும்.

எங்கள் ஊத்துக்கோட்டையில் உறைபனி ஏது? ஐப்பசி, கார்த்திகை மழையே இச்செடிக்கு இங்கே எமன். மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை, வேர் அழுகிவிடும். 2015ஆம் ஆண்டின் பெருமழையில், மறைந்த எங்கள் அன்னையார் வைத்துச் சென்ற செடி அவ்வாறே அழுகிற்று. முற்றத்துத் தொட்டியை நகர்த்தி வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. விதை வாங்கி விதைக்கலாமே என்பீர்கள். விதையிலிருந்து அதே நிறம் வருமென்ற உறுதியில்லை. கிளையை ஊன்றினால்தான் அதே செடி.

மழை ஓய்ந்தபின் ஒருநாள் அடுத்த தெருவில் ஒரு வீட்டுச் சன்னலில் அதே இலைகளைக் கண்டேன். "உங்க அம்மா கிள்ளிக் கொடுத்ததுதான் தம்பி" என்றார் அவ்வீட்டு மூதாட்டி. நான் காத்தது போயிற்று. அன்னையார் கொடுத்தது நிலைத்தது.

எனவே தங்கைக்குச் சொன்னேன்: "பனிக்கு முன்பே, பூவில்லாத நுனிக் கிளைகளைக் கணுவுக்குக் கீழே நான்கு அங்குல நீளத்தில் வெட்டு. அடியிலைகளை நீக்கி, கண்ணாடிக் குவளை நீரில் வை. இரண்டு, மூன்று நாட்களுக்கொருமுறை நீரை மாற்று. இரண்டு வாரங்களுக்குள் வேர் வரும். ஓர் அங்குலம் வளர்ந்ததும் அடியில் துளையுள்ள சிறு தொட்டிக்கு மாற்றி, வெளிச்சமான சன்னலருகே வை. குளிர்காலத்தில் மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்று. மாவுப்பூச்சி வருகிறதா என்று இலையின் அடிப்புறத்தைப் பார். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். மே இறுதியில், பனி முற்றும் நீங்கியபின், சிறிது சிறிதாக வெளியே பழக்கு. ஒரு கிளையை அண்டை வீட்டாருக்கும் கொடு."

ஐந்து கிளைகளில் மூன்று பிழைத்தன, அல்ஹம்துலில்லாஹ். ஒன்று அண்டை வீட்டுச் சன்னலில் இருக்கிறதாம்.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் மறைந்த ஒருவர் கை வைத்த செடி இருக்கலாம். மழைக்கு முன்பே ஒரு கிளையைக் கிள்ளி ஊன்றுங்கள். மற்றொன்றை அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள்.