ஏரிக் கரையில் ஒரு கோபம்

கிளீவ்லாந்து என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது தியாகராஜ ஆராதனை. 1978-ல் தொடங்கி, வசந்த காலத்தில் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி அங்கே நடந்து வரும் சங்கீத உற்சவத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்ணையோ பிள்ளையையோ பார்க்க அமெரிக்கா போகும் மாமிகள், "ஆராதனைக்குக் கிளீவ்லாந்து போய் வந்தோம்" என்று பெருமையுடன் சொல்வதும் உண்டு. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் போய், "உங்கள் ஊரில் என்ன விசேஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு 'பிரவுன்ஸ்' என்ற பெயர் வரும். அதற்குப் பிறகு வருவதை அச்சில் போட முடியாது!

பிரவுன்ஸ் என்பது அந்த ஊர்க் கால்பந்து அணி. அதன் பெயரைச் சொன்னால் ஏன் அத்தனை பெருமூச்சு? வாருங்கள், ஊரைச் சுற்றிக்கொண்டே விசாரிப்போம்.

ஊரின் நடுவே ஒரு பெரிய சதுக்கம். அதன் ஓரத்தில் 52 மாடிகளுடன் நிற்கிறது டெர்மினல் டவர். அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஈரி ஏரி. ஏரி என்றா சொன்னேன்? மெரீனாவில் நிற்கும்போது எப்படி அக்கரை தெரியாதோ, அப்படித்தான் இங்கும். உப்பு மட்டும் கிடையாது. அந்த ஏரிக் கரையிலேதான் பிரவுன்ஸின் மைதானம். ஆட்டப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் முடியும். டிசம்பர் மாதம் ஏரியிலிருந்து அடிக்கும் காற்று இருக்கிறதே, நம் மார்கழிக் குளிர் அதற்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்!

கால்பந்து என்றால் நம் ஊர்க் கால்பந்து அல்ல. பெயர்தான் கால்பந்து; பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். தலையில் கவசம், தோளில் பஞ்சுப் பொதி. நாலு முயற்சிக்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். ஆட்டத்தை நடத்துகிற முக்கியப் புள்ளிக்குக் 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். கச்சேரியில் பாடகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சரியில்லையென்றால் பக்கவாத்தியம் எவ்வளவு நன்றாக இருந்தும் என்ன பிரயோஜனம்?

ஆட்டம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே 'முனி லாட்' நிரம்பிவிடும். முனி என்றதும் புளியமரத்து முனியை நினைத்துப் பயந்துவிடாதீர்கள்! முனிசிபல் கார் நிறுத்துமிடத்தைத்தான் ஊரார் இப்படிச் சுருக்கிவிட்டார்கள். காருக்குப் பக்கத்திலேயே தணலடுப்பை மூட்டிச் சமையல் நடக்கும். பெண்கள், குழந்தைகள், தாத்தாக்கள் எல்லோரும் பழுப்பும் ஆரஞ்சும் கலந்த உடையில். சிலர் முகத்தில் நாய் முகமூடி வேறு! 1980-களில் இந்த அணியின் வீரர்கள் விளையாட்டாக நாய் போலக் குரைக்கப் போக, ரஸிகர்களும் குரைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் உட்காரும் மலிவு டிக்கெட் பகுதிக்கு 'நாய்ப் பட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாய் என்றால் நன்றி அல்லவா? அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது போகப் போகத் தெரியும்.

இந்த அணி என்றைக்கும் தோற்றுக்கொண்டிருந்ததல்ல. 1946-ல் ஆரம்பமானபோது முதல் பயிற்சியாளர் பால் பிரவுன். அவர் பெயர்தான் அணிக்கும். சேர்ந்திருந்த முதல் சங்கம் நீடித்த நாலு வருஷமும் பட்டம் இவர்களுக்கே. பிறகு தேசியக் கால்பந்து சங்கத்தில் சேர்ந்து 1950, 1954, 1955 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம். 1961-ல் ஆர்ட் மோடெல் என்பவர் அணியை வாங்கினார். 1963 ஜனவரியில், ஊர்ப் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்த சமயம் பார்த்து, பால் பிரவுனையே வேலையிலிருந்து நீக்கினார்! வீட்டுக்குப் பெயர் வைத்தவரையே வெளியே அனுப்பிய கதைதான். ஆனாலும் 1964-ல் பால்டிமோர் அணியை 27-0 என்று வென்று பட்டம் வாங்கியதால், ஊர் சமாதானமாயிற்று. அதுதான் கடைசிப் பட்டம். அன்று வெற்றிக் கூச்சல் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அந்த மோடெல்தான் 1995-ல் இடியைப் போட்டார். பழைய மைதானத்தால் நஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நவம்பர் 6-ந் தேதி, "அணியைப் பால்டிமோருக்குக் கொண்டு போகிறேன்" என்று அறிவித்தார். வேடிக்கையைக் கேளுங்கள்! மறுநாளே அந்த மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் திரட்டுவதற்காக, மதுவுக்கும் சிகரெட்டுக்கும் வரியை நீட்டிக்கலாமா என்று ஜனங்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. "நீட்டியுங்கள்!" என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். மூட்டை கட்டிவிட்ட மாப்பிள்ளைக்குத் தீபாவளி வேஷ்டி எடுத்த மாதிரி!

டிசம்பர் 17-ந் தேதி அந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். அன்று பார்த்து பிரவுன்ஸ் ஜயித்தது. ரஸிகர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளைப் பெயர்த்து எறிந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் நேரே நாய்ப் பட்டிக்குப் போய் ரஸிகர்களைக் கட்டிக்கொண்டார்கள். விளையாடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் பகை இல்லை. பகையெல்லாம் மாடியில் கண்ணாடி அறையில் உட்காருகிறவர்களோடுதான்.

அழுதுவிட்டுச் சும்மா இருந்தார்களா? அதுதான் இல்லை. கடிதம், கோர்ட்டு என்று ஊரே திரண்டது. 1996 பிப்ரவரியில் சங்கம் இறங்கி வந்தது. வீரர்களும் முதலாளியும் போகலாம். 'பிரவுன்ஸ்' என்ற பெயரும், நிறங்களும், பழைய சரித்திரமும் கிளீவ்லாந்துக்கே சொந்தம். 1999-ல் புது அணி தரப்படும் என்று ஏற்பாடாயிற்று. பழைய மைதானத்தை இடித்து, அதன் கற்களில் ஒரு பகுதியை மீன்கள் வாழ்வதற்காக ஏரிக்குள் போட்டார்கள். பால்டிமோருக்குப் போன அணியோ 2001 ஜனவரியில் 'சூப்பர் பௌல்' என்ற மகா பட்டத்தையே வாங்கிவிட்டது! பிரவுன்ஸ் அந்தப் பந்தயத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. ரஸிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

திரும்பி வந்த அணியின் கதைதான் பெருங்கதை. 1999 முதல் 2019 வரை 21 பருவங்கள், ஒன்பது பயிற்சியாளர்கள். இடையில் சில வாரங்கள் பொறுப்புப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இருவருக்கு ஒரே பருவத்தில் சீட்டுக் கிழிந்தது. குவார்ட்டர்பேக்குகளோ 2025-க்குள் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். வந்து போன குவார்ட்டர்பேக்குகளின் பெயரையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே சட்டையில் ஒட்டி, கடைத்தெரு ஜன்னலில் தொங்கவிட்டிருந்தார் ஓர் ரஸிகர்.

சகோதரிகளே, இது உங்களுக்கு எளிதில் புரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு சமையற்காரரை மாற்றுகிற வீட்டில் ரசம் எப்படி உருப்படும்? முதலில் வந்தவர் தஞ்சாவூர்ச் சமையல் என்று சொல்லிப் பாத்திரம் வாங்கச் சொல்வார். அடுத்தவர், "இந்தப் பாத்திரத்தில் பாலக்காட்டுச் சமையல் வராது" என்பார். கால்பந்திலும் அதேதான். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஒரு முறை, அதற்கேற்ற வீரர்கள். ஆள் மாறினால் பழைய வீரர்கள் உதவாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். மறுபடி முதலிலிருந்து அரிச்சுவடி! குற்றம் சமையற்காரர் பேரில் மட்டுமா? அவரைத் தேர்ந்தெடுத்து, அடுப்பு மூட்டுவதற்குள் அனுப்பிவிடுகிற எஜமானர் பேரில் இல்லையா?

இங்கே இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்கச் சங்கத்தில் எவ்வளவு தோற்றாலும் அணியைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளமாட்டார்கள். தேசிய டெலிவிஷன் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. போதாதற்கு, கல்லூரிகளிலிருந்து வரும் புது வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கடைசி இடத்துக்கு வந்த அணிக்கு! தோல்வியால் முதலாளியின் பெட்டி காலியாவதில்லை. காலியாவது டிக்கெட் வாங்கியவரின் பர்ஸும், பனியில் உறைந்தவரின் உற்சாகமும்தான். கிளீவ்லாந்தின் கோபத்துக்கு வேர் இதுதான்.

2016-ல் 16 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. "மறுபடி இப்படி ஆனால் ஏரியில் குதிக்கிறேன்" என்றார் பயிற்சியாளர் ஹியூ ஜாக்ஸன். 2017-ல் அப்படி ஆகவில்லை. பதினாறிலும் தோல்வி!

2018 ஜனவரி 6-ந் தேதி, எலும்பைத் துளைக்கும் குளிரில், சுமார் மூவாயிரம் ரஸிகர்கள் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். வெற்றி விழாவைப் போலவே தோல்விக்கும் ஒரு விழா! பூஜ்யத்தைக் குறிக்க வட்டமாக நடந்தார்களாம். பிரேத வண்டிகூட வந்தது. கையில் முதலாளியையும் நிர்வாகத்தையும் கேலி செய்யும் அட்டைகள். கல்லெறி இல்லை, கண்ணாடி உடையவில்லை. அந்த ஊர்வலத்தை வைத்து ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையத்துக்கு நிதியும் சேர்த்தார்கள். "இது என்ன பைத்தியம்!" என்று தோன்றுகிறதா? எனக்கு இது நல்ல குடும்பத்தின் கோபமாகவே படுகிறது. கத்தவும் கத்துவார்கள், சோறும் போடுவார்கள்.

ஜாக்ஸன் வாக்குத் தவறவில்லை. 2018 ஜூன் 1-ந் தேதி ஏரியில் இறங்கி முழுக்குப் போட்டார். அதையும் தர்மத்துக்கு நிதி சேர்க்கும் வைபவமாக்கினார். ஆனால் தோஷம் போகவில்லை. அக்டோபரில் நிர்வாகமே அவரைத் தலைமுழுகிவிட்டது. அவர் கணக்கு: 3 வெற்றி, 36 தோல்வி, ஒரு சமன்.

நடுவில் ஒரு நல்ல நாளும் வந்தது. 2018 செப்டம்பர் 20-ந் தேதி, நியூயார்க் ஜெட்ஸ் அணியை 21-17 என்று வென்றார்கள். 635 நாட்களுக்குப் பிறகு முதல் வெற்றி! "ஜயித்தால்தான் திறக்கும்" என்று ஒரு பியர் கம்பெனி ஊரெங்கும் பூட்டி வைத்திருந்த குளிர்பெட்டிகள் அன்றிரவு தாமாகத் திறந்துகொண்டன. அந்நியர்கள் அந்நியர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

2021 ஜனவரியில், ஜன்மப் பகையாளியான பிட்ஸ்பர்க்கை அதன் ஊரிலேயே 48-37 என்று வென்றது இன்னொரு திருநாள். (பெருமாளைச் சேவிக்க நீங்கள் பிட்ஸ்பர்க் போவதைக் கிளீவ்லாந்துக்காரரிடம் சற்று மெதுவாகவே சொல்லுங்கள்!) பயிற்சியாளர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி அன்று கோவிட் கண்டு வீட்டிலேயே இருந்தபடி டெலிவிஷனில் பார்த்தார். அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கே கிடைத்தது.

நன்றாகத்தானே போயிற்று? 2022-ல் நிர்வாகம் மறுபடியும் தன் வேலையைக் காட்டியது. தெஷான் வாட்ஸன் என்ற குவார்ட்டர்பேக்கை வாங்கி, 23 கோடி டாலர் உறுதிச் சம்பளம் எழுதிக் கொடுத்தது. அப்போது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள், தங்களிடம் முறைகேடாக நடந்ததாக அவர்மேல் சிவில் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் மறுத்தார், குற்ற வழக்குத் தொடர டெக்ஸாஸ் ஜூரிகளும் ஒப்பவில்லை. ஆயினும் சங்கம் அவரை 11 ஆட்டங்களுக்கு விலக்கி, 50 லட்சம் டாலர் அபராதமும் போட்டது. தாயும் மகளுமாக மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்த வீடுகளில் இது எவ்வளவு வேதனை என்று சொல்ல வேண்டுமா? தோல்வியை ஜீரணித்தவர்களுக்கு இது ஜீரணமாகவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் துணை நிற்கும் கிளீவ்லாந்து நிலையத்துக்குப் பலர் நன்கொடை அனுப்பித் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். ஆட்டத்திலும் பலனில்லை, 2024-ல் 17-க்கு 3 வெற்றிதான். அந்தப் பேரம் பிசகிவிட்டது என்று 2025-ல் முதலாளியே ஒப்புக்கொண்டார்.

ஏரிக் கரை மைதானத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாமதம் செய்யாமல் போய் வாருங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், புரூக் பார்க் என்ற இடத்தில், கூரை போட்ட புது மைதானம் கட்டி 2029-ல் குடியேறுவது என்று முதலாளிகள் திட்டமிட்டார்கள். நகர நிர்வாகமும் முதலில் எதிர்த்துவிட்டு, 2025-ல் உடன்பாட்டுக்கு வந்தது.

முதலாளி அணியை விற்கலாம். பயிற்சியாளர் வேறு ஊரில் வேலை தேடிக்கொள்ளலாம். வீரர் பெரிய சம்பளத்துக்கு மாறிப் போகலாம். போக இடமில்லாதவர் ரஸிகர் ஒருவர்தான். அதனால்தான் அவர் அவ்வளவு கத்துகிறார். ஊர்க்காரர் யாராவது உங்களிடம் பிரவுன்ஸ் நிர்வாகத்தைத் திட்ட ஆரம்பித்தால் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: "ஆமாம், மோசமான அணிதான்" என்று நீங்கள் மட்டும் ஒத்து ஊதிவிடாதீர்கள். அந்த உரிமை அவருக்கு மட்டுமே உண்டு!