வன்னி வழிக்கு ஒரு வண்டி

கிளிநொச்சி, 2024 செப்ரெம்பர் 8

ஏ9 வீதியின் தார்ப்பரப்பிலே முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ விரைகின்றவர்கள், வன்னியைப் பார்த்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அவ்வீதியிலிருந்து மேற்கே அக்கராயனுக்கும் துணுக்காய்க்கும், கிழக்கே ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக்கும் நெடுங்கேணிக்கும் பிரிந்து செல்கின்ற கிரவல் பாதைகளும், குளக்கட்டுகளின்மேல் ஓடும் ஒற்றைத் தடங்களும், மாரியில் எது வழி எது வாய்க்கால் என்று பிரித்தறிய இயலாத வயற்கரைகளுமே இப்பிரதேசத்தின் மெய்யான வழிகள் என்பது, அவற்றில் ஒருமுறையேனும் சகடை புதையப் போய்வந்தவர்களுக்கே தெரியும். புவியியல் ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் நான் சுவரில் மாட்டிய படத்திலே பிரம்பால் தொட்டுக் காட்டிய சிறுகுளங்களை, அவை நிரம்பி வான் பாய்கின்ற பருவத்திலேயே சென்று கண்டு, எந்தக் குளத்து நீர் எந்தக் குளத்தை நிறைக்கிறது என்பதைக் கண்ணால் தெரிந்துகொள்ள வேண்டுமென்ற ஆசை நெடுநாளாக உண்டு. ஜெயபுரத்திலிருந்து கொக்கிளாய்க் கடலேரி வரையில் அந்தப் பிரயாணத்தை இந்த மாரியில் நடத்துவதென்று தீர்மானித்திருக்கிறேன்.

அதற்கென வாங்கியிருக்கும் வாகனம் ஹைலக்ஸ் இனத்தில் எல்.என். 106 என்ற பழைய டபிள் கெப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய உத்தரவு இன்னும் நீங்காமையால் பழைய வண்டிக்கே பெருவிலை கொடுக்கவேண்டியிருக்கிறது. ஆயினும் விலையைக் குறித்த வருத்தம் எனக்கில்லை. முன்னும் பின்னும் வளையாத முழு அச்சு, நான்கு மூலைகளிலும் வில்லுத் தகடுகள், 2779 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள டீசல் யந்திரம், கணினி என்ற வஸ்து எங்குமே இல்லாத எளிமை ஆகியவை ஒருங்கே அமைந்த வண்டிகள் இக்காலத்தில் அருகிவிட்டன.

செப்ரெம்பர் 15

பரந்தனிலே உழவு இயந்திரங்களைத் திருத்தும் ஒரு கராஜில் வண்டியை விட்டிருக்கிறேன். கராஜ்காரர் எனக்கு மூத்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வண்டியின் கீழே படுத்து, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு புஷ்ஷையும் இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்த்தபின்னரே வெளியே வந்தார்.

கொழும்பிலுள்ள உறவினர் ஒருவர், இத்தகைய பிரயாணத்துக்கு இன்றியமையாதவை என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பியிருந்தார். முன்னே கனத்த இரும்புப் பம்பர், அதில் மின்சார வின்ச், கூரையில் கரியர், அதன்மேல் கூடாரம், வரிசையாக விளக்குகள் என்று அது நீண்டது. அதைப் படித்துக் காட்டினேன்.

“உதெல்லாம் பூட்டலாம் மாஸ்ரர். ஆனா நட்டாங்கண்டலுக்கு அங்கால அது பழுதாப் போனா ஆர் திருத்துறது?” என்றார் அவர்.

“அப்ப என்ன செய்யலாம் அண்ணை?”

“பாரத்தைக் குறையுங்கோ. வில்லைப் பாப்பம். மிச்சத்தைப் பிறகு யோசிப்பம்.”

இந்தச் சுருக்கமான மறுமொழியிலே ஒரு முழுச் சித்தாந்தம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வன்னிக்குள் போகிற வண்டியில் நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், ‘இது பழுதானால் அடுத்த கிராமத்துக் கொல்லன் பட்டறையிலோ உழவு இயந்திரக் கராஜிலோ திருத்த முடியுமா?’ என்ற ஒரே கேள்வியால் உரைத்துப் பார்க்கவேண்டும். முடியாதெனின், அது எத்துணைச் சிறந்த உபகரணமாயினும், அவ்வழியில் அது நமக்குப் பாரமே. வின்ச்சைப் பற்றி இன்னொரு நியாயமும் உண்டு. கம்பியைக் கட்டுவதற்குத் தடத்தைவிட்டு விலகி நிற்கும் ஒரு மரத்தை நாடிக் காட்டுக்குள் காலெடுத்து வைக்கவேண்டும். யுத்தம் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் மண்டையோட்டுப் பலகைகளும் மிதிவெடி அகற்றுவோரும் இன்னும் நீங்காத நாட்டிலே, பலர் நடந்து பழகிய தடத்தை விட்டு ஓரடியேனும் விலகாமல் இருப்பதே பிரயாணத்தின் முதல் விதியாகும்.

வில்லுத் தகடுகளைக் கழற்றி, இறங்கிப்போயிருந்த வளைவைப் பட்டறையில் ஏற்றி, பின்பக்கத்துக்கு மட்டும் ஒரு தகடு கூட்டியிருக்கிறார்கள். இரண்டு கூட்டலாமே என்று கேட்டதற்கு, பாரமில்லாத வேளையில் வண்டி துள்ளும், துள்ளுகிற வண்டி மண்ணைப் பற்றாது என்று விளக்கினார். தகடுகளை அச்சோடு பிணைக்கும் யு போல்ற்றுகளைச் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் முறுக்கவேண்டும். இறுக்கம் தளர்ந்தால் நடுப்போல்ற் அறுந்து அச்சே இடம்பெயர்ந்துவிடும்.

ஒக்டோபர் 5

இன்று கராஜில் வேலை குறைவு. தேநீர் குடித்துக்கொண்டே, தடைக்காலத்து வண்டிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எழுதி வைக்கத்தக்கது என்று கருதுவதால் சற்று விரிவாகவே குறிக்கிறேன்.

1990 இல் யுத்தம் மறுபடியும் மூண்டபின், வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடுக்கப்பட்டது. வன்னிப் பெருநிலத்தில் அந்த நிர்ப்பந்தம், சமாதானப் பேச்சுக்கு முன்னோடியாக 2002 இன் தொடக்கத்தில் தடைகள் தளரும் வரையில் நீடித்தது. பெற்றோல் என்பது மருந்தைப்போல் அளந்து விற்கப்பட்ட அந்நாளில், ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த யந்திரத்தில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலொன்றில் வைத்திருக்கும் பெற்றோலிலே சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு யந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இங்கிலாந்திலே இரண்டாம் உலக யுத்தத்தை அடுத்த ஆண்டுகளில் பெர்கூசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை இதே தத்துவத்தில், பெற்றோலில் புறப்பட்டு மலிவான மண்ணெண்ணெய் வகையொன்றில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே வடிவமைக்கப்பட்டிருந்தது. அங்கே பொறியியலாளர் வரைபடம் போட்டுச் செய்ததை இங்கே, சவர்க்காரமும் பற்றறியும்கூடக் கிடைத்தற்கரிய சூழலிலே, ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த கைகள் தேவையிலிருந்தே கண்டுகொண்டன.

அப்படி ஓட்டியதற்கு யந்திரம் கட்டிய வட்டி பெரிது. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வழிந்து கீழேயுள்ள ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் பேரிங்குகளைத் தின்னும். வால்வுகளில் கரி படியும். “ஒயில் தடியை இழுத்து மணந்து பாப்பம் மாஸ்ரர், மண்ணெண்ணெய் மணந்தா அண்டைக்கே மாத்திப்போடுவம்,” என்றார் கராஜ்காரர். இன்றைக்கும் எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் செய்வது, ஒயில் தடியை இழுத்து மூக்கருகே கொண்டுபோவதுதான். டீசல் வண்டிக்கு அது ஏன் என்று பையன்கள் கேட்பதுண்டாம். தேய்ந்த பம்பிலிருந்து டீசல் கசிந்து ஒயிலில் கலந்திருந்தால் அதுவும் மணத்திலே தெரியும் என்பது அவருடைய பதில். அது சரியான பதில்.

உலகப் பிரயாண சரித்திரத்தில் 1955 இல் இரண்டு லான்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூர் சேர்ந்த ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மாணவர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. அவர்களுடைய தீரத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், உதிரிப்பாகம் வராத ஒரு நிலத்துக்குள் பத்தாண்டுகளுக்கு மேல் நோயாளரையும் நெல்லையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடிய அந்தக் கார்களுக்கும், அவற்றை ஓடச் செய்தவர்களுக்கும் ஒரு சரித்திரம் எழுதப்படவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒக்டோபர் 20

நீரைப் பற்றிய வேலைகள் தொடங்கிவிட்டன. டீசல் யந்திரத்துக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆதலால் மேலே நீர் தெறிப்பதால் அது நிற்பதில்லை. மூச்சு வாங்கும் வழியாலே நீர் புகுந்தால்தான் அபாயம். காற்று நெரிபடும், நீர் நெரிபடாது. மேலெழும் பிஸ்ரன் அந்நீரில் மோதினால் கனத்த இரும்புத் தண்டும் கணத்திலே வளைந்துவிடும். இதனால் காற்றுக் குழாயை முன்கண்ணாடியின் ஓரமாகக் கூரை மட்டத்துக்கு உயர்த்தி, ஒவ்வொரு பொருத்திலும் கிளிப் இட்டு இறுக்கி, வாயைக் கையால் அடைத்து யந்திரம் மூச்சுமுட்டி நிற்கிறதா என்று பரீட்சித்தோம். நின்றது. நில்லாவிட்டால் எங்கேயோ காற்றுப் புகுகிறதென்று பொருள். காற்றுப் புகும் இடத்தால் நீரும் புகும்.

பலர் கவனியாது விடுவது அச்சின் மூச்சு. ஓடிச் சூடேறிய டிபரன்சியல் குளிர்ந்த நீருக்குள் இறங்கியதும் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, சீல்களின் ஓரத்தால் வெளிநீரை உறிஞ்சும். அச்சின் மேலுள்ள சிறு பிறீதரில் ஒரு றப்பர்க் குழாயைப் பூட்டி உயரக் கொண்டுபோனால், அது நீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். செலவோ அற்பம். எங்கள் பின் டிபரன்சியலின் அடிநட்டைக் கழற்றியபோது வடிந்த ஒயில், தேன் நிறத்தில் இருக்கவேண்டியதற்குப் பதிலாகப் பால்தேநீரைப்போல் வெளுத்திருந்தது. முந்திய உரிமையாளர் காலத்து நீர் அது. வடித்து, டீசலால் கழுவி, புது ஒயில் விட்டு, சீல்களையும் மாற்றியாயிற்று. முன் அச்சின் திருப்பு முட்டுகளிலும் இதே கதைதான். உட்சீல் தேய்ந்து ஒயிலும் கிறீஸும் ஒன்றாய்க் குழம்பியிருந்தன. வீல் பேரிங்குகளை வெளியே எடுத்துக் கழுவி, உள்ளங்கையில் கிறீஸை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி அழுத்தி ஏற்றும் வேலையை நானே செய்தேன்.

நவம்பர் 3

ரயர்கள் வந்துவிட்டன. மிக அகன்றவற்றை வாங்காமல் குறுகலானவற்றையே தெரிந்தேன். களியிலே குறுகிய ரயர் மேற்சேற்றை வெட்டிக்கொண்டு கீழேயுள்ள கெட்டி மண்ணைத் தேடும். கடற்கரை மணலில் மட்டும் காற்றைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைத்ததைத் திரும்ப ஏற்றக் கைப்பம்பும் ஒரு சிறு மின்பம்பும் உண்டு. மண்வெட்டி, கத்தி, நைலோன் கயிறு, இரண்டு பலகைத் துண்டுகள், ஒரு தறப்பாள். ஆழமான நீரில் முன்பக்கத்தைத் தறப்பாளால் மறைத்துக் கட்டினால் யந்திர அறைக்குள் நீர் மட்டம் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். 2009 இல் இங்கே மூன்று லட்சம் சனங்கள் எதன்கீழ் வாழ்ந்தார்கள் என்பதை அறிந்தவர்களால் தறப்பாளை வெறும் உபகரணமாக மடித்து வைக்க முடிவதில்லை. நான் அதை வண்டியில் ஏற்றும்போது சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

டிசெம்பர் 8, மாங்குளம்

பின்னர் பெங்கல் என்று பெயர் பெற்ற புயல், நவம்பர் இறுதியில் கரையோரமாக நகர்ந்தபோது கொட்டிய மழையால் பிரயாணம் பிந்திற்று. நீர் வடிந்தபின், மேற்குப் பாதியை முடித்துக்கொண்டு இங்கே தங்கியிருக்கிறோம். முன்சில்லுகளின் ஹப்புகளைக் கையால் திருப்பிப் பூட்டி, தாழ்ந்த கியரில், காலைப் பிறேக்கிலும் கிளச்சிலும் வையாது, வண்டி தானாகவே ஊர்ந்து செல்ல விட்டால், வவுனிக்குளத்துக்கு அப்பாலுள்ள களியையும் அது பதற்றமின்றிக் கடக்கிறது. தார் வீதி வந்ததும் உடனே இரண்டு சில்லுக்கு மாற்றிவிட வேண்டும். இந்த வண்டியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே சுழற்சி வேறுபாட்டைப் பொறுக்கும் ஏற்பாடு இல்லாமையால், வழுக்காத தளத்தில் திரும்பும்போது பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

நட்டாங்கண்டலுக்கு இப்பால், வாய்க்கால் உடைத்த இடமொன்றில், சகல அலங்காரங்களும் பூண்ட புதிய கெப் ஒன்று கதவுவரை அமிழ்ந்து நின்றது. வின்ச் வேலை செய்யவில்லையாம். வயலில் நின்ற கமக்காரர் ஒருவர் தமது மசி பெர்கூசனைக் கொண்டுவந்து, வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “மெல்லமா ஸ்ரார்ட் பண்ணுங்கோ தம்பி, சில்லைச் சுத்தவிடாதேங்கோ,” என்று சொல்லிக் கயிற்றைக் கொளுவினார். காசு வாங்க மறுத்துவிட்டார். எங்கள் ஹைலக்ஸ் பக்கத்திலிருந்த பழைய தடத்தால் முழங்காலளவு நீரில் இறங்கி ஏறிற்று. அக்கரையில் நிறுத்தி, பிறேக்கை இரண்டு மூன்று முறை அமுக்கி உலரவிட்டு, ஹப்புகளைத் தொட்டுப் பார்த்தேன்; சூடில்லை.

2025 ஜனவரி 5

கொக்கிளாயிலிருந்து திரும்பியாயிற்று. முத்தையன்கட்டுக் குளத்து அலைகரையில் கண்டவற்றையும் எந்த வான்நீர் எங்கே சேர்கிறது என்பதையும் வேறொரு குறிப்பேட்டில் எழுதிவருகிறேன். வண்டிக்கோ, கடலேரிக்கரை உப்புத்தான் இனிமேற் பகை. சேறு அழுக்கு, உப்பு நோய். சேசிஸின் பெட்டி வடிவான உள்ளறைகளில் தங்கிய ஈரமணலை நன்னீரைப் பீய்ச்சி நெடுநேரம் கழுவி, வெயிலில் உலர்த்தி, துவாரங்களினூடே பழைய ஒயிலைத் தெளித்தோம். வில்லுத் தகட்டுச் சக்கிள்களின் நிப்பிள்கள் யாவற்றிலும், பழைய கறுத்த கிறீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரையில் கிறீஸ் ஏற்றினோம். டீசல் பில்ரரின் அடியில் தேங்கிய நீரை வடித்தபோது ஒரு தேக்கரண்டியளவு வந்தது. இரண்டு டிபரன்சியல்களிலும் ஒயில் தேன் நிறத்திலேயே இருக்கிறது.

யு போல்ற்றுகளை இன்று முறுக்கினோம். வலப்பக்கத்து முன் புஷ் தேய்ந்திருக்கிறது. பழைய ரயர் றப்பரில் வெட்டியே செய்து தருவதாகக் கராஜ்காரர் சொல்லியிருக்கிறார். ரைமிங் பெல்ற்றை ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும், முந்திய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்கு எழுத்தில் ஆதாரமில்லை. ஆகவே பாலைப்பழக் காலத்துக்கு முன்னரே அதையும் மாற்றிவிட ஏற்பாடு செய்திருக்கிறேன்.