மேசைமேல் ஓர் ஊதாச் சுடர்

பொழுதுபோக்கு என்றால் எங்கள் ஊரில் தூண்டில் போடுவதும் கெரம் அடிப்பதும்தான். முத்திரை சேர்ப்பவரைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒருவன் பின்னேரங்களில் கண்ணாடிச் சாடியிலிருந்து காற்றை உறிஞ்சியெடுத்து, அதற்குள் மின்சாரம் பாய்ச்சி வெளிச்சம் பார்க்கிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். "சேர், இதனால என்ன பிரயோசனம்?" என்று கேட்காமல் எவரும் என் அறையை விட்டுப் போனதில்லை.

சாடி பெரிதல்ல. வாயின் விட்டம் 20 சென்ரிமீற்றர். தடித்த உலோகத் தகட்டின்மேல் இறப்பர் வளையம் வைத்துக் கவிழ்த்திருக்கிறேன். நடுவே மூன்று கம்பி வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்திய, எலுமிச்சம்பழமளவு கூடு. காற்றை எடுப்பது, வீட்டுக் குளிரூட்டிகளைத் திருத்துவோர் பாவிக்கும் பம்பி. நியோன் விளம்பரப் பலகைக்குரிய பழைய நிலைமாற்றியும் ஒருதிசைப்படுத்தியும் சேர்ந்து, கூட்டுக்குச் சில ஆயிரம் வோல்ற்று மறை மின்னழுத்தம் கொடுக்கின்றன.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் முட்டாமல் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்திலொரு பங்குகூடப் போகமுடியாது, சந்தை நெரிசல்தான். சாதாரண காற்றின் அழுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். அதை ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டக் குறைத்தால் இலத்திரன்களுக்கு ஓட இடம் கிடைக்கிறது. ஓடிய வேகத்தில் மூலக்கூறுகளில் மோதி, அவற்றின் இலத்திரன்களையும் பிடுங்கிவிடுகின்றன. சாடி முழுவதும் ஊதா கலந்த இளஞ்சிவப்பு பரவுகிறது. பம்பியை இன்னும் ஓடவிட்டால் அந்த வெளிச்சம் ஒடுங்கிக் கூட்டுக்குள் ஒரு புள்ளியாகத் திரள்கிறது. கம்பிகளின் இடைவெளிகளூடாகக் கதிர்கள் நீள்கின்றன. கம்பியில் மோதிய அயன்கள் அங்கேயே முடிந்துவிட, இடைவெளியால் போய் வருபவைதான் நமக்குக் கதிராகத் தெரிகின்றன.

திண்மம், திரவம், வாயு என்று மூன்றைத்தான் சிறுவயதில் பாடமாக்கினோம். இது நான்காவது. வில்லியம் குரூக்ஸ் 1879 இல் ஷெஃபீல்டில் நிகழ்த்திய உரையில், வாயுவைக் கடந்த ஒரு சடநிலையாக இதனைக் காட்டினார். பிளாஸ்மா என்ற பெயரை 1928 இல் இட்டவர் இர்விங் லாங்மியூர். சூரியனும் இரவில் நாம் காணும் நட்சத்திரங்களும் மின்னல் கீற்றும் இந்த நிலையில்தான் இருக்கின்றன.

கம்பிக் கூட்டின் கதை ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த் என்ற அமெரிக்கரிடமிருந்து வருகிறது. 1927 செப்டெம்பர் 7 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில், முற்றிலும் மின்னணு முறையிலமைந்த தொலைக்காட்சியில் ஒரு நேர்கோட்டைக் காட்டியபோது அவருக்கு வயது 21. 1960 களில் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் அவர் வேறொரு கனவின் பின்னால் போனார். சூரியன் தன் ஈர்ப்பினால் ஐதரசன் கருக்களை நெருக்கி ஒன்றாக்குகிறது. அதை மின்புலத்தால் மேசையளவுக் கருவியில் செய்யலாம் என்று நம்பினார். பத்தாயிரம் வோல்ற்றுக்கூடாக விழும் ஓர் அயனின் சக்தியை வெப்பநிலையாகக் கணித்தால் 11 கோடிப் பாகையைத் தாண்டும். சூரியனின் மையமே ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பாகைதான். 1966 இல் காப்புரிமையும் கிடைத்தது. பார ஐதரசனை இட்டபோது கருக்கள் இணைந்தன, நியூத்திரன்கள் வெளிவந்தன. ஆனால் கொடுத்த சக்தியில் மிகச் சிறு துளிதான் திரும்பக் கிடைத்தது. பெரும்பாலான அயன்கள் இணையாமல் சிதறின. கம்பியில் மோதி அதனைச் சூடாக்கின. 1971 இல் அவர் காலமானார். இன்றுவரை அந்த வகைக் கருவி எதுவும் பெற்றதைவிடக் கூடுதலாகத் தந்ததில்லை.

அமெரிக்காவில் 1990 களின் இறுதியிலிருந்து ஆர்வலர் பலர் அதனைத் தம் வீடுகளில் சிறிதாகச் செய்யத் தொடங்கினர். என்னுடையது அதிலும் சிறிது. வெறும் காற்றுத்தான்; கரு இணைவு எதுவும் நடவாது. பார்ப்பதற்கு மட்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மனைவி ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்த மேசைமேல் குப்பிலாம்பை வைத்துவிட்டுப் போனார். அந்த மாதங்களில் நான் பம்பியைத் தொடவில்லை. சனம் எரிவாயுவுக்கு வரிசையில் நிற்கும்போது ஊதா வெளிச்சம் பார்ப்பது மனதுக்கு ஒப்பவில்லை. கரண்ட் ஒழுங்காக வந்தபின் மனைவிதான் சாடியின் தூசியைத் துடைத்து, "போட்டுப் பாருங்களன்" என்றார். அவர் பிரயோசனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். நெல் விளையாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கு இப்போதுள்ள கவலை வேறு. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் இளைய மகள் ஆளியைத் தானே போட வேண்டும் என்கிறாள்.

"வாப்பா, அமெரிக்காவுல 14 வயசுப் பொடியன் நியூத்திரன் வரைக்கும் போயிருக்கான்."

உண்மைதான். 2008 இல் டெய்லர் வில்சன் என்ற மாணவர் செய்தார். நெவாடாப் பல்கலைக்கழகத்தில், கற்றறிந்தவர்கள் அருகிலிருக்க, கதிர்வீச்சை அளக்கும் கருவிகளோடு செய்தார். என் அறையில் அவை எதுவும் இல்லை. மைக்ரோவேவ் அடுப்பின் நிலைமாற்றியைக் கழற்றி விளையாடி இறந்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். வெற்றிடமாக்கிய என் சாடியின் மேல் காற்று 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தோடு அழுத்துகிறது. அதனால்தான் முன்னால் தடித்த பிளாஸ்ரிக் மறைப்பு. வோல்ற்றளவை இருபதாயிரத்துக்கு மேல் ஏற்றினால் எக்ஸ்கதிர் கண்ணாடியையும் கடந்து வரத் தொடங்கும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்பது? கொடுக்காவிட்டால், இருபது வருடமாகத் 'தொட்டுப் பார், செய்து பார்' என்று மற்றவர் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததற்கு என்ன அர்த்தம்?

இப்போதைக்கு ஓர் ஏற்பாடு. ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால். ஆளியை நிறுத்தியபின் புவித்தொடுப்புக் கோலால் கூட்டின் முனையைத் தொட்ட பிறகே எதிலும் கை வைப்பது. அழுக்கமானியை வாசிப்பதும் குறிப்பெடுப்பதும் அவள் வேலை. மூன்று மாதக் குறிப்புகள் ஒரு கொப்பியில் நிறைந்திருக்கின்றன. எந்த அழுக்கத்தில் எந்த நிறம், எப்போது கதிர் தோன்றியது என்று தேதிவாரியாக எழுதியிருக்கிறாள். சென்ற வாரம், நான் ஆளியை நோக்கிக் கை நீட்டியபோது, "வாப்பா, மற்றக் கை" என்றாள். என் இடது கை தகட்டின் ஓரத்தில் இருந்து இன்னும் முதுகுக்குப் போயிருக்கவில்லை.

அடுத்த மாதம் பம்பியின் எண்ணெய் மாற்ற வேண்டும். மாற்றியபின் முதல் தடவை ஆளியை அவள் போடட்டும். நான் அழுக்கமானியை வாசிக்கிறேன்.