மீன் கடலிலே, மணம் கலத்திலே

இத்தாலியின் தெற்கேயுள்ளது சிசிலித் தீவு. வசந்தகாலத்தில் அதன் குன்றுகளெங்கும் காட்டுப் பெருஞ்சீரகம் தழைத்து மணக்கும். அக்கீரையுடன் புதிய சாளை மீனைச் சேர்த்துச் சமைக்கும் பாஸ்தா, தலைநகராகிய பலேர்மோவின் புகழ்பெற்ற உணவு. மீன் வாங்கப் பொருளில்லாத இல்லத்தரசி என் செய்வாள்? கீரை அவித்த நீரிலேயே பாஸ்தாவை வேகவைப்பாள். சாடியிலுள்ள உப்பு நெத்தலி இரண்டொன்றை ஒலிவ எண்ணெயிற் கரைத்துக் கீரையுடன் கலப்பாள். பாற்கட்டிக்குப் பதிலாக வறுத்த பாண்தூளைத் தூவுவாள். அரைமணி நேரத்தில் உணவு ஆயத்தம். ‘சாளை கடலிலேயே தங்கிவிட்ட பாஸ்தா’ என்பது அதற்கு அம்மக்கள் இட்ட பெயர்! இல்லாமையை அவர்கள் மறைக்கவுமில்லை, அதற்காக அழவுமில்லை, நகைத்துக்கொண்டே பகிர்ந்துண்டனர். வறுமையிலும் விருந்தின் மணம் குன்றாமற் காத்த அத்தாய்மாரின் கைத்திறனை என்னென்பது!